எதற்கெடுத்தாலும் ‘ரிமூவ்’: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டை விடுதியாக்கியவர்கள், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் விற்பவர்கள், மெஸ் நடத்துகிறவர்கள், சிங்கப்பூரில் இருக்கும் மருமகளுக்குச் சமையல் குறிப்பு எழுதி அனுப்பும் ஆச்சிமார், இவர்கள் எல்லோருடைய ஆங்கிலத்திலும் திரும்பத் திரும்ப வரும் கோளாறு ஒன்று உண்டு. எடுத்தாலும் ரிமூவ், கழற்றினாலும் ரிமூவ், பிடுங்கினாலும் கழித்தாலும் அதே ரிமூவ். சில இடத்தில் இது சரியாகவே பொருந்தும். சில இடத்தில் சிரிப்பு வரும். சில இடத்தில் பணமோ வேலையோ போகும். கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறோம். உங்களுக்கு வந்த கோளாறுக்கு நேராகப் போய்விடலாம்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். ரிமூவ் போட்ட இடத்தில் தமிழில் என்ன வினை வரும் என்று சொல்லிப் பாருங்கள். செருப்பைக் கழற்றுகிறோம், பல்லைப் பிடுங்குகிறோம், வெங்காயத்தை உரிக்கிறோம், சம்பளத்தில் பிடிக்கிறோம், கணக்கில் கழிக்கிறோம், பூவைப் பறிக்கிறோம், கஞ்சியை வடிக்கிறோம். வெங்காயத் தோலை யாரும் ‘அகற்றுவதில்லை’. தமிழில் ‘அகற்று’, ‘நீக்கு’ என்று இயல்பாக வரும் இடத்தில் ரிமூவ் பெரும்பாலும் பிழைக்காது. வேறு வினை வருகிறதென்றால் ஆங்கிலத்திலும் பெரும்பாலும் வேறு வினை இருக்கிறது, தேடுங்கள். அடுத்து இரண்டு கேள்வி: எதை, எதிலிருந்து என்று இரண்டும் வாக்கியத்தில் விளங்குகிறதா? செய்த கை யாருடையது?

அறிகுறி: போர்டைப் படித்துவிட்டு விருந்தாளி சிரிக்கிறார், அல்லது திகைத்து நிற்கிறார்

செருப்பு போர்டு முதலில். ‘ப்ளீஸ் ரிமூவ் யுவர் ஃபுட்வேர்’ என்பது சரியான ஆங்கிலம், அதைத் தொடாதீர்கள். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ என்றாலும் சரி, அது கொஞ்சம் பேச்சு வழக்கு. ‘சப்பல்ஸ்’ என்று எழுதினால் வெளிநாட்டுக்காரர் சிலருக்குப் புரியாது, அவ்வளவுதான்.

சிரிப்புக்குக் காரணம் அநேகமாக அடுத்த போர்டு. நீச்சல் குளத்தோரம் ‘ரிமூவ் வெட் டிரெஸ் பிஃபோர் என்டரிங் ஹால்’ என்று இருந்தால், படிப்பவருக்குக் கிடைக்கும் செய்தி: உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்துக்குள் வா. நமக்கு டிரெஸ் என்றால் துணிமணி எல்லாம். அவர்களுக்குப் பெரும்பாலும் பெண்கள் போடும் கவுன். நாம் சொல்ல வந்தது மாற்றிக்கொள்வதை. ‘ப்ளீஸ் சேஞ்ச் அவுட் ஆஃப் வெட் ஸ்விம்வேர் பிஃபோர் என்டரிங் த ஹால்’ என்று மாற்றுங்கள்.

மூன்றாவது காரணம் ‘எடு’ என்ற வினை. போட்டோ எடுக்கக் கூடாது என்பதை அகராதியைப் பார்த்து எழுதிய போர்டில் ‘டு நாட் ரிமூவ் போட்டோஸ்’ என்று வந்துவிடுகிறது. உள்முற்றமான வளவில், அதையொட்டிய மேடையான பட்டாலை நெடுகத் தாத்தா, ஐயா படங்கள் மாட்டியிருக்கும் வீட்டில் இதை வைத்தால், சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றாதே என்று படித்துக்கொண்டு கேமராவை எடுப்பார்கள். ‘நோ போட்டோகிராஃபி’ போதும். பூவுக்கு ‘டு நாட் பிக் த ஃபிளவர்ஸ்’. ஆத்தங்குடிக் கல் பதித்த திண்ணையில் பெயர்ந்து நிற்கும் கல்லுக்கு ‘டு நாட் ரிமூவ் த டைல்ஸ்’ என்று எழுதியது சரி. அங்கே தமிழிலும் அப்புறப்படுத்தாதே என்றுதான் பொருள்.

மெஸ்ஸில் இலையையோ தட்டையோ எடுக்கும்போது ‘கேன் ஐ ரிமூவ்?’ என்று பரிமாறுகிற தம்பி கேட்டால் பொருள் கெடாது, விரட்டுகிற தொனி வந்துவிடும். ‘மே ஐ டேக் யுவர் லீஃப்?’ அல்லது ‘மே ஐ க்ளியர்?’ என்று சொல்லிக்கொடுங்கள். பார்சலுக்கு பிரிட்டன்காரர் ‘டேக்அவே’ என்பார், அமெரிக்கர் ‘டேக்அவுட்’ அல்லது ‘டு கோ’ என்பார். நம் ‘பார்சல்’ அவர்களுக்குத் தபாலில் வரும் பொட்டலம். மெனு கார்டில் ‘டேக்அவே’ என்று அச்சடித்தால் இரு தரப்புக்கும் விளங்கும்.

செலவு: தாளில் ஒட்டியது என்றால் ஒன்றுமில்லை, ஃபிளெக்ஸ் என்றால் ஓரளவு. கிரானைட்டிலோ பித்தளையிலோ பொறிக்கப் போகிறீர்கள் என்றால், பொறிக்கும் முன் ஆங்கிலத்தில் தொழில்முறையாக எழுதுகிற ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கல் வெட்டுகிறவர் கொடுத்ததை அப்படியே வெட்டித் தருவார்; பிழை திருத்துவது அவர் வேலையில்லை.

அறிகுறி: சமையல் குறிப்பை அனுப்பினால், செய்தவருக்குக் குழம்பு ருசிக்கவில்லை

இந்தக் கோளாறுதான் அதிகம் வருவது. வகையும் அதிகம்.

முதல் காரணம், எளியது: எதை என்று சொல்லாமல் விட்டது. தமிழில் ‘எண்ணெய் பிரிந்ததும் இறக்கவும்’ என்று எழுதினால் சட்டியை இறக்கச் சொல்கிறோம் என்று யாருக்கும் தெரியும். அதையே ‘வென் த ஆயில் செபரேட்ஸ், ரிமூவ்’ என்று எழுதிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பெயர்ச்சொல் ஆயில். படிக்கிறவர் கரண்டியை எடுத்து மேலே மிதக்கும் எண்ணெயை வழித்துக் கொட்டிவிடுவார். மிளகும் சோம்பும் கல்பாசியும் மராத்தி மொக்கும் இறங்கிய மணம் முழுக்க அந்த எண்ணெயில்தான் இருக்கிறது. பிறகு குழம்பு ருசிக்கவில்லை என்று போன் வரும். சரியான வாக்கியம்: ‘வென் த ஆயில் செபரேட்ஸ், டேக் த பான் ஆஃப் த ஹீட்’. ‘ரிமூவ் த பான் ஃப்ரம் த ஹீட்’ என்றாலும் சரி. பான் என்ற சொல்லும் ஹீட் என்ற சொல்லும் இரண்டுமே இருக்க வேண்டும். ‘ரிமூவ் த ஃபயர்’, ‘ரிமூவ் த ஸ்டவ்’ இரண்டும் வேண்டாம். அடுப்பை அணைப்பதற்கு ‘டர்ன் ஆஃப் த ஸ்டவ்’.

இரண்டாவது காரணம்: ஆங்கிலத்தில் சமையலறையில் நீக்கும் வேலை ஒவ்வொன்றுக்கும் தனி வினை இருப்பதைக் கண்டுகொள்ளாதது. பாதி வினைகள் நீக்கப்படும் பொருளின் பெயரேதான். மீனின் செதிள் ஸ்கேல், செதிளை உரசி எடுப்பதும் ஸ்கேல். குடல் கட், குடலை எடுப்பதும் கட். தோல் ஸ்கின், கோழித் தோலை உரிப்பதும் ஸ்கின். எலும்பு போன், எலும்பை நீக்குவதும் போன். ஆகவே ‘ரிமூவ் த ஸ்கேல்ஸ் அண்ட் ரிமூவ் த இன்டெஸ்டைன்’ என்று இழுக்காமல் ‘ஸ்கேல் அண்ட் கட் த ஃபிஷ்’ என்று முடிக்கலாம். இங்கே ஒரு பொறி: குடலைக் குறிக்கும் கட்டும், வெட்டுவதைக் குறிக்கும் கட்டும் தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். எழுத்திலும் ஒலிப்பிலும் வேறு. முன்னது ‘ஜி’யில் தொடங்கும், பின்னது ‘சி’யில்.

நாட்டுக்கோழிக்கு வரிசை: இறகைப் பிடுங்குவது பிளக், மஞ்சள் தடவித் தீயில் வாட்டுவது சின்ஜ், உள்ளே சுத்தம் செய்வது கட் (ஜி), துண்டு போடுவது ஜாயின்ட். தோலோடு சமைக்கிறீர்கள் என்றால் ‘ஸ்கின் ஆன்’ என்று எழுதுங்கள். வெறுமனே ‘ஸ்கின் த சிக்கன்’ என்று வந்துவிட்டால் தோலை உரித்துவிடுவார்கள்.

இறாலுக்கு ஓட்டை எடுப்பது பீல் அல்லது ஷெல், முதுகுக் கறுப்பு நரம்பை எடுப்பது டிவெயின். சின்ன வெங்காயமும் பூண்டும் பீல். தேங்காய் மட்டையை உரிப்பது ஹஸ்க், துருவுவது கிரேட். வரமிளகாய்க் காம்பைக் கிள்ளுவது ஸ்டெம், விதையை உதறுவது டிசீட். முருங்கைக்காய் நார் எடுப்பது ஸ்ட்ரிங். பருப்பு கொதிக்கையில் பொங்கும் நுரையை எடுப்பது ஸ்கிம், சோறு வடிப்பது டிரெயின், புளியைக் கரைத்து வடிகட்டுவது ஸ்ட்ரெயின்.

அப்படியானால் ரிமூவுக்குச் சமையலறையில் வேலையே இல்லையா? இருக்கிறது. தனி வினை இல்லாத இடமெல்லாம் அதன் இடம். வாழைப்பூவில் ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளன் என்ற விறைத்த தண்டையும், அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடி போன்ற சிறு தகட்டையும் எடுக்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது: ‘ரிமூவ் த ஸ்டிஃப் ஸ்டைல் அண்ட் த ஸ்மால் டிரான்ஸ்பேரன்ட் ஸ்கேல் ஃப்ரம் ஈச் ஃப்ளோரெட்’. விருந்தில் போடும் வெள்ளைப் பணியாரத்தை எண்ணெயிலிருந்து ஜல்லிக்கரண்டியால் எடுப்பதற்கும் ‘ரிமூவ் வித் எ ஸ்லாட்டட் ஸ்பூன் அண்ட் டிரெயின்’ என்பது சரி. குழிப்பணியாரக் கல்லிலிருந்து கம்பியால் நெம்பி எடுப்பதை ‘ஈஸ் அவுட்’ என்று எழுதினால் கை எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதும் சேர்ந்து போய்விடும்.

மூன்றாவது காரணம், கொஞ்சம் வேடிக்கையானது: எதிர்ப்பொருள். ‘டஸ்ட் த ஷெல்ஃப்’ என்றால் அலமாரித் தூசியைத் துடைப்பது. ‘டஸ்ட் வித் ஷுகர்’ என்றால் சர்க்கரையைத் தூவுவது. சீயம் என்ற இனிப்புப் பலகாரத்துக்கு மேல் எதையாவது தூவச் சொல்கிறீர்கள் என்றால் ‘வித்’ விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குள் அனுப்பும் குறிப்புக்கு எந்த நிபுணரும் வேண்டாம், போனில் திருத்திக்கொள்ளலாம். பாக்கெட்டில் அச்சிட்டு விற்கும் மசாலாவுக்கோ அச்சில் வரும் சமையல் புத்தகத்துக்கோ எழுதுகிறீர்கள் என்றால், ஆங்கிலச் சமையல் நூல்களைப் பதிப்பித்துப் பழகிய திருத்துநர் ஒருவர் தேவை. அதற்கு முன்னால் இலவசச் சோதனை ஒன்று: தமிழ் தெரியாத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, கேள்வி கேட்காமல் சமைக்கச் சொல்லுங்கள்.

அறிகுறி: ‘நீங்களே பல்லைப் பிடுங்கிக்கொண்டீர்களா?’ என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்

‘ஐ ரிமூவ்ட் மை டூத் எஸ்டர்டே’ என்று விடுப்புக் கடிதத்தில் எழுதியதன் விளைவு. தமிழில் ‘பல் பிடுங்கினேன்’, ‘அப்பெண்டிக்ஸ் எடுத்தேன்’ என்று நோயாளி சொன்னால் யாருக்கும் மயக்கமில்லை. ஆங்கிலத்தில் எழுவாயாக நிற்பவர்தான் குறடைப் பிடித்தவர். யார் கை என்ற சோதனையைப் போடுங்கள். கை மருத்துவருடையது என்றால் ‘ஐ ஹேட் மை டூத் ரிமூவ்ட்’. ஹேட், பிறகு பொருள், பிறகு ரிமூவ்ட். இந்த வரிசை மாறக் கூடாது. ‘ஐ ஹேட் ரிமூவ்ட் மை டூத்’ என்று மாற்றிப் போட்டால் பழைய கோளாறு திரும்பி வந்துவிடும், அதுவும் இறந்தகாலத்துக்கு முந்திய காலத்தில்.

வீட்டு வேலைக்கும் இதே கதைதான். கொத்தனார் வந்து பழைய ஓட்டைப் பிரித்தார் என்றால் ‘வீ ஹேட் த ஓல்ட் டைல்ஸ் டேக்கன் டவுன்’.

மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையில் மட்டும் சொந்த ஆங்கிலம் வேண்டாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் எக்ஸ்ட்ராக்ஷன், அப்பெண்டிசெக்டமி என்று எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். சம்மரியிலேயே பிழை இருந்தால் மருத்துவமனையில் திருத்தி முத்திரை வாங்குவதுதான் வழி. நீங்கள் பேனாவால் திருத்தினால் கோரிக்கை நிற்கும்.

அறிகுறி: வங்கியோ கணக்குப் பிரிவோ ‘புரியவில்லை, விளக்கவும்’ என்று திருப்பி அனுப்புகிறது

‘மணி வாஸ் ரிமூவ்ட் ஃப்ரம் மை அக்கவுன்ட்.’ இந்த ஒரு வாக்கியத்துக்கு நாலு பொருள் வரும். நீங்களே எடுத்ததா, வங்கி பிடித்ததா, திருடன் எடுத்ததா, எந்திரம் விழுங்கியதா?

நீங்கள் எடுத்தது வித்ட்ரா. இறந்தகாலம் வித்ட்ரூ, ஹேவுக்குப் பின்னால் வித்ட்ரான். ‘வித்டிராட்’ என்று ஒன்று கிடையாது. சம்பளத்திலோ வட்டியிலோ ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவது டிடக்ட். டிடிஎஸ் என்பதன் முதல் இரண்டு எழுத்தே ‘டாக்ஸ் டிடக்டட்’தான். கணக்கிலிருந்து தொகை குறைந்ததாகப் பதிவாவது டெபிட். வராத கடனைக் கணக்கிலிருந்து தள்ளுவது ரைட் ஆஃப், கட்டணத்தைக் கேட்காமல் விடுவது வேவ்.

ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் குறைந்தால் எழுத வேண்டிய வாக்கியம்: ‘த அமவுன்ட் வாஸ் டெபிட்டட் பட் த கேஷ் வாஸ் நாட் டிஸ்பென்ஸ்ட்’. தேதி, நேரம், ஏடிஎம் இருக்குமிடம், தொகை நான்கையும் சேருங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை நடந்த நாளுக்கு அடுத்த 5 நாட்களுக்குள் பணம் திரும்ப வர வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். ‘ரிமூவ்ட்’ என்று எழுதினால் இந்த வகைப் புகாராக அது பதியாமல் போகலாம், விளக்கம் கேட்டே நாள் கழியும். புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நீங்கள் செய்யாத பரிவர்த்தனை என்றால் கடிதத்தை ஒத்திப்போட்டுவிட்டு முதலில் கார்டை முடக்குங்கள், பிறகு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பிள்ளைகளின் கணக்கு நோட்டில் வருவது தனி ரகம். ‘சப்ஸ்ட்ராக்ட்’ என்று நடுவில் ஒரு ‘ஸ்’ சேர்த்துச் சொல்கிறோம், அது சப்ட்ராக்ட். ‘சப்ட்ராக்ட் 3 ஃப்ரம் 10’ என்றால் விடை 7. ஃப்ரமுக்குப் பின்னால் இருப்பதிலிருந்துதான் கழிக்க வேண்டும். டிடக்ட் என்றால் பிடித்தம், டிட்யூஸ் என்றால் ஊகித்தல். இரண்டுக்கும் பெயர்ச்சொல் டிடக்ஷன் என்று ஒன்றாகவே வரும் என்பதால் குழம்புவது பிள்ளையின் தவறில்லை.

அறிகுறி: ஆசிரியர் ‘ஃப்ரம்’மைச் சுழித்து ‘ஆஃப்’ போடுகிறார்; அடுத்த வாக்கியத்தில் ‘ஆஃப்’பைச் சுழித்து ‘ஃப்ரம்’ போடுகிறார்

வினைக்குப் பின்னால் முதலில் என்ன வருகிறது என்று பாருங்கள். எடுக்கப்படும் பொருள் முதலில் வந்தால் ஃப்ரம். இழப்பவர் முதலில் வந்தால் ஆஃப்.

ரிமூவ், டேக், வித்ட்ரா, டிடக்ட், சப்ட்ராக்ட், ஸ்டீல்: பொருள் முதலில், பிறகு ஃப்ரம். ‘தே ஸ்டோல் எ பாக்ஸ் ஃப்ரம் ஹெர்.’

டிப்ரைவ், ராப், ஸ்ட்ரிப், ரிட், ரிலீவ்: ஆள் முதலில், பிறகு ஆஃப். ‘தே ராப்ட் ஹெர் ஆஃப் ஹெர் பாக்ஸ்.’

‘தே ராப்ட் மை பாக்ஸ்’ என்பதில் பெட்டியிடம் கொள்ளையடித்ததாக ஆகிவிடும். ‘டிப்ரைவ்ட் ஃப்ரம்’ என்று எழுதுகிறவர்கள் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவை ஒருமுறை படித்துவிட்டால் மறக்க மாட்டார்கள்: ‘நோ பர்சன் ஷால் பி டிப்ரைவ்ட் ஆஃப் ஹிஸ் லைஃப் ஆர் பர்சனல் லிபர்ட்டி…’ 1978இல் 44ஆம் திருத்தத்தின் வழியே சேர்ந்த 300ஏ பிரிவில் சொத்துக்கும் அதே ‘டிப்ரைவ்ட் ஆஃப்’தான். அதோடு டிப்ரைவ் என்பது உரிமையுள்ள ஒன்றை, இருந்தே ஆக வேண்டிய ஒன்றைப் பறிப்பது. தூக்கம், உணவு, சொத்து, சுதந்திரம் இவற்றுக்கு வரும். தட்டிலிருந்து வடையை எடுத்ததற்கு டிப்ரைவ் போட்டால் நையாண்டியாகத்தான் படும்.

அறிகுறி: உறவு வரைபடத்தில் ‘ஒன்ஸ் ரிமூவ்ட்’ என்று வந்ததும் வீட்டில் சண்டை

‘என்னைக் குடும்பத்திலிருந்து ஒருமுறை நீக்கினார்களா?’ என்று பங்காளி ஒருவர் கேட்டால் பதில்: யாரும் நீக்கவில்லை, தலைமுறை தள்ளியிருக்கிறது. ஃபர்ஸ்ட், செகண்ட் என்பது பொது மூதாதையரைக் கணக்கிடுவது. பாட்டன் பாட்டி பொதுவானால் ஃபர்ஸ்ட் கசின், அதற்கு ஒரு தலைமுறை மேலே பொதுவானால் செகண்ட் கசின். ரிமூவ்ட் என்பது இருவருக்கும் எத்தனை தலைமுறை இடைவெளி என்பது.

உங்கள் அப்பாவின் பெரியப்பா மகன் உங்களுக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட். அவருடைய மகனும் நீங்களும் ஒரே தலைமுறை. ஆகவே செகண்ட் கசின், ரிமூவ்ட் வராது. உங்கள் சித்தப்பா மகனுடைய மகளும் உங்களுக்கு ஃபர்ஸ்ட் கசின் ஒன்ஸ் ரிமூவ்ட்தான். மேலே ஒரு தலைமுறையா கீழே ஒரு தலைமுறையா என்று ஆங்கிலம் சொல்லாது, தமிழில் சித்தப்பா என்றும் மகள் என்றும் இரண்டும் வேறு. அதனால் கல்யாணப் பத்திரிகையில் இந்தச் சொல்லைப் போடாதீர்கள். ‘அங்கிள்’, ‘நீஸ்’ போதும். விசாவுக்கும் சொத்துக்கும் வரையும் வரைபடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை கூட்டிய, அதாவது தத்தெடுத்த, குடும்பமாக இருந்தால் இங்கேயே நிறுத்தி வழக்கறிஞரைப் பாருங்கள். 1956ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி தத்துப்போன நாளிலிருந்து பிறந்த வீட்டு உறவு அறுந்து, கூட்டிய வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறார். மணம் முடிக்கக் கூடாத உறவு மட்டும் பழையபடி நிற்கும். சட்ட ஆவணத்தில் கசின் கணக்கு எந்த வீட்டிலிருந்து போடுவது என்பது வழக்கறிஞர் தீர்மானிக்க வேண்டியது.

அறிகுறி: பழம்பொருள் வாங்க வந்தவர் விவரச் சீட்டைப் படித்துவிட்டுப் பின்வாங்குகிறார்

சிறிய காரணம்: ‘கிளாஸ் ரிமூவ்ட்’ என்றால் கண்ணாடி இல்லை என்று பொருள். கழற்றி மாட்டலாம் என்று சொல்ல வந்திருந்தால் ‘ரிமூவபிள்’ அல்லது ‘டிடாச்சபிள்’. ‘பெயிண்ட் ரிமூவ்ட்’ தவறில்லை. தேக்குக் கதவுக்கு ‘ஸ்ட்ரிப்ட் அண்ட் ஆயில்ட்’ என்று எழுதினால் தொழில் தெரிந்தவர் எழுதியது போலிருக்கும்.

பெரிய காரணம்: ‘பில்லர்ஸ் ரிமூவ்ட் ஃப்ரம் எ செட்டிநாடு ஹவுஸ்’. நிற்கிற வீட்டிலிருந்து ராத்திரியில் பெயர்த்த தூண் என்று படிக்க இடமிருக்கிறது. பூட்டிக்கிடக்கும் வீடுகளில் திருட்டு நடப்பது வாங்குகிறவருக்கும் தெரியும். வீட்டார் முறையாகப் பிரித்து விற்றது என்றால் ‘சால்வேஜ்ட் ஃப்ரம் எ டிஸ்மான்டில்ட் ஹவுஸ்’ என்று எழுதி, விற்றவரின் ரசீது நகலைக் கூடவே வையுங்கள். ரசீது இல்லாத சரக்குக்கு நல்ல வினையைத் தேடுவது வேறு வேலை. அதற்கு இந்தக் குறிப்பு உதவாது. கோயிலிலிருந்து ‘ரிமூவ்’ ஆன எதையும் கடைக்குள் ஏற்றாதீர்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவது என்றால் சொல் திருத்தம் போதாது. 1972ஆம் ஆண்டு தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத தொல்பொருளை, சுவடியானால் 75 ஆண்டு, தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. எனாமல் தூக்குக்கும் அண்மைக்கால நாற்காலிக்கும் அந்தத் தடை வராது. ஆனால் பழையதாகத் தோற்றமளிக்கும் எதற்கும் தொல்பொருள் அல்ல என்ற சான்றைத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகே கப்பலேற்றுங்கள்.

அறிகுறி: நேர்முகத் தேர்வில் ‘ஏன் நீக்கினார்கள்?’ என்று கேட்கிறார்கள்

பழைய பள்ளியிலிருந்து முறையாக விலகி ரிலீவிங் ஆர்டர் வாங்கியவர், விண்ணப்பத்தில் ‘ஐ வாஸ் ரிமூவ்ட் ஃப்ரம் மை போஸ்ட்’ என்று எழுதியிருப்பார். இது சாதாரணப் பிழையில்லை. அரசுப் பணியில் ரிமூவல் என்பது தண்டனையின் பெயர். அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவில் டிஸ்மிஸ்ட், ரிமூவ்ட், ரெட்யூஸ்ட் இன் ராங்க் மூன்றும் வரிசையாக வரும். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் ரிமூவல் ஆனவர் மறுபடி அரசு வேலைக்கு வரத் தடையில்லை. டிஸ்மிஸல் ஆனவருக்குச் சாதாரணமாகத் தடை உண்டு.

விலகினால் ‘ஐ ரிசைன்ட்’, விடுவிக்கப்பட்டால் ‘ஐ வாஸ் ரிலீவ்ட்’, ஒப்பந்தம் முடிந்தால் ‘மை கான்ட்ராக்ட் என்டட்’. விண்ணப்பம் இன்னும் உங்கள் கையில் இருந்தால் திருத்துங்கள். அனுப்பியாகிவிட்டது என்றால் ரிலீவிங் ஆர்டர் நகலோடு திருத்தக் கடிதம் ஒன்று அனுப்புங்கள். உறுதிமொழிப் பத்திரத்தில் ஏறிவிட்டால் நோட்டரியையும் வழக்கறிஞரையும் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

பிள்ளையின் டிசிக்கு விண்ணப்பிக்கும்போது ‘ரிமூவ் மை சன்’ வேண்டாம், ‘ஐ விஷ் டு வித்ட்ரா மை சன்’ என்று எழுதுங்கள். ரேஷன் கார்டில் பெயர் நீக்க டிலீட். ‘ரிமூவ்’ என்றாலும் வேலை நடக்கும்.

அறிகுறி: திருட்டைப் பற்றி வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினால், அவர் எதுவும் செய்யாமல் இருக்கிறார்

‘தி பிராஸ் வெசல்ஸ் ஆர் ரிமூவ்ட்’ என்று எழுதியிருப்பீர்கள். யாரோ எடுத்து வேறு அறையில் வைத்ததாக நினைத்துக்கொண்டு அவர் தூங்கப் போய்விடுவார். ஆளில்லாத நேரத்தில் போனது ஸ்டோலன். வீட்டை உடைத்துப் புகுந்தால் ‘த ஹவுஸ் வாஸ் புரோக்கன் இன்டு’. கழுத்திலிருந்து அறுத்தால் ஸ்நாட்ச்ட். அடித்தோ மிரட்டியோ பறித்தால் ராப்ட். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் திருட்டு 303, பறிப்பு 304, வழிப்பறி 309 என்று பிரிவுகளே வேறு வேறு.

காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. என்ன போனது, எத்தனை, எந்த அறையிலிருந்து, கடைசியாக யார் எப்போது பார்த்தது, எந்தக் கதவின் பூட்டு உடைந்திருக்கிறது என்று வரிசையாகப் போடுங்கள். எஃப்ஐஆர் நகலை ஸ்கேன் செய்து வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டால், மேலே ஆங்கிலத்தில் ஒரு வரி போதும்: ‘த ஹவுஸ் வாஸ் புரோக்கன் இன்டு அண்ட் தி பிராஸ் வெசல்ஸ் வேர் ஸ்டோலன்; எஃப்ஐஆர் அட்டாச்ட்.’